கடலில், ஏரியில் இடி விழுந்தால் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னல் பற்றிப் பேச்சு வந்தாலே தண்ணீரில் விழும் இடி பற்றியும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். மீன் சாகாதா, முங்கினால் தப்பலாமா, படகில் கம்பி வைக்கலாமா என்று சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே நகர்வதால், முதல் தடவை மேலிருந்து படிப்பது நல்லது.

தண்ணீர்ல இடி விழுமா? உயரமான மரம், கோபுரம் மேலதானே விழும்?

தாராளமாக விழும். மேகத்திலிருந்து கிளம்பும் மின்னல் ஒரே பாய்ச்சலில் கீழே வருவதில்லை. சுமார் 50 மீட்டர் நீளமுள்ள படிகளாக, ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகிறது. கீழே என்ன இருக்கிறது என்பது கடைசிச் சில பத்து மீட்டர்களில்தான் அதன் பாதையைப் பாதிக்கும். அந்த எல்லைக்குள் உயர்ந்து நிற்கும் பொருள் எதுவோ, அதிலிருந்து எதிர்ப்பொறி ஒன்று மேலே கிளம்பி, இறங்கி வருவதோடு சேர்ந்துகொள்ளும்.

நடுக்கடலில் அப்படி உயர்ந்து நிற்க எதுவும் இல்லை. அதனால் நீர்ப்பரப்பிலேயே விழுகிறது. அங்கே ஒரு படகோ, நீந்துபவரின் தலையோ இருந்தால் அதுதான் அந்த வட்டாரத்தின் உயரமான பொருள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல இடங்களில் தேவைப்படும்.

தண்ணீர் கரண்டைக் கடத்தும், அதனால மின்னலை இழுக்கும்னு சொல்றாங்களே?

இழுக்காது. உலகக் கணக்கைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். பூமி முழுக்க நொடிக்குச் சுமார் 45 மின்னல்கள் வெட்டுகின்றன என்று செயற்கைக்கோள் அளவீடுகள் சொல்கின்றன. அவற்றில் பெரும்பங்கு நிலத்தின் மேல்தான். ஒரே அளவு பரப்பை எடுத்துக்கொண்டால், கடலைவிட நிலத்தின் மேல் சுமார் 10 மடங்கு அதிகம். பகலில் நிலம் வேகமாகச் சூடாகி, காற்றை வலுவாக மேலே தள்ளுகிறது. அந்த வேகத்தில்தான் மேகத்துக்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னூட்டம் பிரிகிறது. கடலுக்கு மேல் அந்த மேலெழும் காற்று பொதுவாக மெல்லியது.

ஆனால் உலகிலேயே மின்னல் அடர்த்தி மிகுந்த இடம் ஒரு நீர்நிலைதான்: வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரி. அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு சராசரியாக 233 மின்னல்கள். அதற்கும் காரணம் தண்ணீரின் கடத்துதிறன் அல்ல. சுற்றியிருக்கும் மலைகளிலிருந்து இரவில் இறங்கும் குளிர்காற்று, வெதுவெதுப்பான ஏரியின் மேல் வந்து கூடி, ஈரக்காற்றை மேலே கிளப்புகிறது. அதனால்தான் அங்கே இடியின் உச்ச நேரம் இரவு.

கடலில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இந்தியப் பெருங்கடலிலும் தென்சீனக் கடலிலும் கப்பல்கள் நெரிசலாகப் போகும் பாதைகளின் மேல், பக்கத்துக் கடலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னல் வெட்டுவதாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. கப்பல் புகையின் நுண்துகள்கள் மேகத் துளிகளைச் சிறிதாக்கி, அவற்றை உயரே கொண்டுபோய் உறையவிடுகின்றன என்பதே விளக்கம். 2020-இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்ததும், அந்தப் பாதைகளில் மின்னலும் சுமார் பாதியாகக் குறைந்தது.

விழுந்த இடத்துல தண்ணீருக்கு என்னதான் ஆகுது?

மின்னல் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு. உச்ச மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். ஆனால் அந்த உச்சம் நீடிப்பது நொடியின் லட்சத்தில் சில பங்குகள்தான். படும் இடத்தில் கொஞ்சம் நீர் சட்டென ஆவியாகி, அதிர்ச்சி அலை கிளம்பி, தண்ணீர் தெறிக்கும். அந்த அதிர்ச்சி நீருக்குள்ளும் போவதால், கடலுக்கடியில் வைத்த ஒலிவாங்கிகளில் இடி விழுந்த ஓசை பதிவாகும்.

மணலில் விழுந்தால் மணல் உருகிக் குழல்போன்ற கண்ணாடிக் கட்டி உருவாகும். தண்ணீரில் எந்தத் தடயமும் இராது. அடுத்த அலை வந்தால் எல்லாம் முடிந்தது.

அவ்வளவு சூடுன்னா கடல் கொதிக்காதா?

கொதிக்காது. ஒரு மின்னலின் மொத்த ஆற்றல் சுமார் 100 கோடி ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். அதை முழுவதுமாகத் தண்ணீரில் செலுத்த முடிந்தாலும் ஆவியாவது 400 கிலோவுக்குள்தான் இருக்கும். ஆனால் அந்த ஆற்றலில் மிகப் பெரும்பகுதி, பல கிலோமீட்டர் நீளமுள்ள பாதை நெடுகக் காற்றைச் சூடாக்குவதிலும் ஒளியிலும் இடியோசையிலும் செலவாகிவிடுகிறது. நீருக்கு வந்து சேர்வது மிகச் சிறு பங்கு.

சரி, கரண்ட் தண்ணீர்ல எவ்வளவு தூரம் போகும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். “இத்தனை மீட்டருக்கு அப்பால் பயமில்லை” என்று ஒற்றை எண்ணை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஓர் எண்ணை நம்பிக்கையோடு சொல்பவரை நம்ப வேண்டாம். உப்புநீரா நன்னீரா, எவ்வளவு பெரிய மின்னல், நீங்கள் மேற்பரப்பில் எப்படி இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை பல மடங்கு மாறும்.

ஆனாலும் தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்னோட்டம் விழுந்த புள்ளியிலிருந்து அரைக்கோளமாக எல்லாத் திசையிலும் பரவுகிறது என்று கொள்வோம். தொலைவு இரண்டு மடங்கானால் அதன் அடர்த்தி நான்கில் ஒரு பங்காகிவிடும். 30,000 ஆம்பியர் மின்னல் கடலில் விழுந்தால், 10 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏற்படும் மின்னழுத்த வேறுபாடு சுமார் 10 வோல்ட். 100 மீட்டரில் 0.1 வோல்ட். இதே மின்னல் உப்பு குறைந்த ஓர் ஏரியில் விழுந்தால், 10 மீட்டரில் 5,000 வோல்ட்டை நெருங்கும். 100 மீட்டரில்கூட 50 வோல்ட்டுக்குப் பக்கம். நீந்துபவரின் உடல் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதை அப்படியே சட்டமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மின்னலின் மின்னோட்டம் மிக வேகமாக ஏறி இறங்குவதால், உப்புநீரில் அது ஆழத்துக்குப் போகாமல் மேலே ஓரிரு மீட்டர் படலத்திலேயே பரவ முனைகிறது. அதனால் கடல் மேற்பரப்பில் உண்மை அளவு இந்தக் கணக்கைவிடப் பல மடங்கு கூடலாம். உச்ச மின்னோட்டம் லட்சம் ஆம்பியரைத் தாண்டும் மின்னல்களும் உண்டு.

நல்ல தண்ணீர் கரண்டைச் சரியா கடத்தாதே? அப்ப ஏரிதானே பாதுகாப்பு?

கேட்கச் சரியாகத்தான் படும், ஆனால் உண்மை நேரெதிர். மேலே போட்ட கணக்கிலேயே விடை இருக்கிறது. மின்னல் என்பது வீட்டு மின்கம்பி அல்ல. நீர் மோசமாகக் கடத்துகிறது என்பதற்காக அது மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளாது. அத்தனை ஆம்பியரும் எப்படியாவது பரவித்தான் ஆக வேண்டும். நீர் எதிர்க்க எதிர்க்க மின்னழுத்த வேறுபாடுதான் ஏறும்.

இன்னொன்றும் சேர்கிறது. மனித உடலுக்குள் உப்புக் கரைசல் இருப்பதால், அது ஏரி நீரைவிட நன்றாகக் கடத்தும். ஆகவே ஏரியில் சுற்றியுள்ள மின்னோட்டம் உடலை வசதியான வழியாக எடுத்துக்கொள்ளும். கடல்நீரோ உடலைவிடப் பத்து மடங்கு நன்றாகக் கடத்துவதால், பெரும்பகுதி உடலைச் சுற்றியே போய்விடும். இதனால் கடலில் நீந்துவது பாதுகாப்பு என்று ஆகிவிடாது. தலை மேல் நேராக விழும் ஆபத்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அப்படின்னா மீனெல்லாம் ஏன் செத்து மிதக்கறதில்லை?

மீன்கள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருப்பதில்லை என்பதே முதல் காரணம். மின்னோட்டம் ஆழம் கூடக் கூட நீர்த்துப்போகிறது. கடலில் மேலே சொன்ன படல விளைவும் சேர்ந்துகொள்கிறது. விழுந்த இடத்துக்கு மிக அருகில், மேலோட்டமாக இருந்த மீன்கள் சாகவே செய்யும். ஆனால் அது கடலின் பரப்போடு ஒப்பிட்டால் யார் கண்ணிலும் படாத சிறு வட்டம்.

மூச்சுவிட மேலே வரும் ஆமை, திமிங்கிலம் போன்றவற்றுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல். ஆனால் அவை மேலே தங்கும் நேரமும் குறைவு.

அப்ப ஆழமா முங்கிட்டா தப்பிச்சிடலாமா?

கடலில், மூச்சுக்கருவியோடு பல மீட்டர் ஆழத்தில் இருக்கும் முக்குளிப்பவருக்கு மேற்பரப்பில் இருப்பவரைவிட ஆபத்து மிகக் குறைவு. ஏரியில் அந்த ஆறுதல் இல்லை. நன்னீரில் மின்னோட்டம் ஆழத்துக்கும் இறங்கும்.

எப்படியானாலும் இது தப்பிக்கும் வழி அல்ல. மூச்சை அடக்கி முங்குபவர் ஒரு நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். புயல் ஒரு நிமிடத்தில் போகாது. உருளையோடு இருப்பவருக்கும் காற்று தீரும். இடிமேகம் தெரிந்தால் நீரில் இறங்காமல் இருப்பது ஒன்றுதான் திட்டம்.

நீந்திக்கிட்டு இருக்கறப்ப தூரத்துல இடிச் சத்தம் கேட்டா என்ன பண்றது?

உடனே வெளியே வாருங்கள். “இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது” என்பது சரியான வாதமல்ல. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 3 நொடி ஆகும். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர், அதுவே எட்டக்கூடிய தூரம்தான். காதில் விழுகிறது என்றாலே நீங்கள் அந்த எல்லைக்குள் இருப்பதாகக் கொள்ளலாம். அப்புறம் எண்ணிக்கொண்டு நிற்பது வீண் வேலை.

கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப இறங்கக் கூடாது. ஒவ்வொரு இடிக்கும் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

மழையே இல்லை, தலைக்கு மேல வானம் தெளிவா இருக்கு. அப்பவுமா?

அப்போதும்தான். மேகத்தின் மேற்பகுதியிலிருந்து கிளம்பி, பக்கவாட்டில் 15 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மழையே இல்லாத இடத்தில் இறங்கும் மின்னல்கள் உண்டு. நீர்ப்பரப்பில் பார்வை தடையில்லாமல் போவதால் புயல் “அங்கே” இருப்பதுபோலத் தெரியும். அந்தத் தோற்றம் ஏமாற்றும்.

கரைக்கு வந்துட்டோம். ஈர மணல்ல நிக்கலாமா?

நிற்காதீர்கள். வெட்டவெளிக் கடற்கரையில் உயர்ந்து நிற்பது யார் என்ற முதல் கேள்வியின் பதில் இங்கேயும் பொருந்தும். பக்கத்தில் தரையில் விழுந்தாலும், மின்னோட்டம் நிலத்தில் பரவும்போது இரண்டு பாதங்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும். தனி மரம், ஓலைக்குடை, திறந்த பந்தல் எதுவும் உதவாது. மின்கம்பியும் குழாயும் பொருத்திய முழுமையான கட்டடம், அல்லது உலோகக் கூரையுள்ள மூடிய வண்டி. இவை இரண்டும்தான் அடைக்கலம்.

திரும்பி வர முடியலை, திறந்த படகுல மாட்டிக்கிட்டோம். என்ன செய்யலாம்?

இதற்கு நல்ல பதில் கிடையாது, குறைவாகக் கெட்ட பதில்தான் உண்டு. மரத்தாலோ ஃபைபராலோ செய்த திறந்த படகுதான் இருப்பதிலேயே மோசமான இடம். நடுவில் தாழ உட்காருங்கள், நிற்க வேண்டாம். கை கால் நீரில் படக் கூடாது. தூண்டில் கோல்களைப் படுக்க வையுங்கள். கார்பன் இழைக் கோல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ‘இது இரும்பில்லையே’ என்று ஏமாற வேண்டாம். உலோகப் பகுதிகளைத் தொடாதீர்கள், குறிப்பாக ஒரே நேரத்தில் இரண்டை. பாய்மரம் இருந்தால் அதைவிட்டு விலகி இருங்கள். வானொலிக் கருவியை அவசர அழைப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மயிர் சிலிர்த்தாலோ, பாய்மர நுனியில் நீலமாகப் பொறி படர்ந்து இரைந்தாலோ, எதிர்ப்பொறி கிளம்பும் நிலை வந்துவிட்டது என்று பொருள். பழைய மாலுமிகள் அந்த நீல ஒளியைக் காவல் தெய்வத்தின் அடையாளமாக நினைத்தார்கள். எனக்குத் தெரிந்தவரை அது கடைசி எச்சரிக்கை.

இரும்புக் கப்பல்ல இருக்கறவங்க எப்படித் தப்பிக்கறாங்க?

கப்பலின் உடலே மின்னோட்டத்தை வெளிப்புறமாக வாங்கிக் கடலுக்குள் இறக்கிவிடுகிறது. உள்ளே இருப்பவருக்கு அது ஒரு கூண்டு. மேல்தளத்தில் திறந்த இடத்தில் நிற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆண்டெனா, வழிகாட்டிக் கருவிகள் கருகுவது சகஜம். நேராக விழாமல் பக்கத்தில் விழுந்தாலும், கம்பிகளில் தூண்டப்படும் மின்னழுத்தமே அவற்றைக் கெடுக்கப் போதும்.

படகுல இடிதாங்கி வச்சா இடியை நாமளே கூப்பிட்ட மாதிரி ஆகாதா?

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் இதே வாதம் நடந்தது. மரக்கப்பல் காலத்தில் சங்கிலி இடிதாங்கிகள் இருந்தன. ஆனால் அவற்றைப் பெட்டியில் வைத்திருந்து, புயல் வந்த பிறகு பாய்மரத்தில் ஏற்ற வேண்டும். பல சமயம் ஏற்றுவதற்குள் இடி முந்திக்கொள்ளும். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்னோ ஹாரிஸ், செப்புத் தகடுகளைப் பாய்மரத்திலேயே நிரந்தரமாகப் பதித்து அடிப்பாகம்வரை கொண்டுபோகும் முறையை முன்வைத்தார். சார்ல்ஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பல் 1831-இல் கிளம்பியபோது அதில் இந்த அமைப்பு இருந்தது. 1840-களில் பிரிட்டிஷ் கடற்படை இதை ஏற்றுக்கொண்டது. ஹாரிஸுக்கு 1847-இல் சர் பட்டமும் கிடைத்தது.

பாய்மரம் ஏற்கெனவே உயரமாகத்தான் நிற்கிறது. கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இலக்குதான். விழுந்தபின் மின்னோட்டம் ஒழுங்கான வழியில் இறங்குமா, படகைத் துளைத்துக்கொண்டு போகுமா என்பதே வேறுபாடு. வழி இல்லாவிட்டால் நீர்மட்டத்துக்கு அருகில் ஃபைபர் உடலைப் பொத்துக்கொண்டு வெளியேறும். படகு மூழ்குவது அப்படித்தான்.

ஒரு சிக்கல் உண்டு. கடலில் ஓடும் படகுக்கு நீருக்கடியில் சுமார் 0.1 சதுர மீட்டர் உலோகத் தகடு போதும் என்பது வழக்கமான பரிந்துரை. ஏரியில் அதே தகடு போதாது, காரணம் நன்னீர் பற்றிய கேள்வியில் இருக்கிறது. மின்னோட்டம் தகட்டின் வழியாக வேகமாக வெளியேற முடியாமல் பக்கவாட்டில் தாவும். கடலுக்கென்று அமைத்த படகை ஏரிக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூரை போட்ட நீச்சல் குளத்துல பயமில்லைதானே?

வெளிக்குளத்தைவிட ஆபத்து குறைவு. ஆனால் கட்டடத்தில் இடி விழுந்தால் குழாய்கள், மின்கம்பிகள், உலோக ஏணிகள் வழியாகக் குளம்வரை வரலாம். இடி நேரத்தில் உட்குளத்தையும் காலி செய்யச் சொல்லும் பாதுகாப்பு வழிகாட்டிகள் இருக்கின்றன. அது மிகையான எச்சரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை.

இடிபட்டவரைத் தண்ணீர்ல இருந்து தூக்கினா நமக்கும் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. உடலில் மின்சாரம் தேங்கி நிற்பதில்லை. இந்தப் பயத்தால் தொடத் தயங்கி நிற்பதுதான் உயிரைக் குடிக்கிறது.

மின்னல் பட்டவுடன் இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். இதயம் தானாகவே திரும்பத் துடிக்கத் தொடங்கினாலும் மூச்சு திரும்பக் கூடுதல் நேரம் ஆகலாம். அந்த இடைவெளியில் காற்றில்லாமல் இதயம் மறுபடி நிற்கும். அதனால் நெஞ்சு அழுத்தமும் வாயோடு வாய் மூச்சும் உடனே தொடங்க வேண்டும். பலர் ஒன்றாக அடிபட்டிருந்தால், அசைவற்றுக் கிடப்பவரை முதலில் கவனியுங்கள். முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். நீரில் இருந்தவருக்கு இன்னோர் ஆபத்து: கை கால்கள் தற்காலிகமாக மரத்துப்போய், மின்னலிலிருந்து தப்பியவர் மூழ்கி இறந்துவிடலாம். சிறிய அதிர்ச்சியே அதற்குப் போதும்.

கடல்ல விழற மின்னலுக்கு வலு அதிகமாமே?

எண்ணிக்கையில் குறைவு என்றாலும், உச்ச மின்னோட்டம் சராசரியாக நிலத்தைவிடக் கடலில் அதிகம் என்றே அளவீடுகள் காட்டுகின்றன. ரேடியோ ஆற்றலில் சாதாரண மின்னலைவிட ஆயிரம் மடங்குக்குக் குறையாத அரிய பெருமின்னல்களும் பெரும்பாலும் நீரின் மேல்தான் வெட்டுகின்றன. வடகிழக்கு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் ஆகியவை முக்கிய இடங்கள், காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடை இடியைத்தான் அஞ்ச வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கடல்களில் செல்லாது. ஏன் இப்படி என்பதில் ஒருமித்த கருத்து இன்னும் வரவில்லை. உப்புநீரின் கடத்துதிறனுக்குப் பங்கு உண்டு என்று சிலர் வாதிடுகிறார்கள்.

அவ்வளவு கரண்ட் போனா தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன்னு பிரிஞ்சு தீப்பிடிக்காதா?

நல்ல கேள்வி, யோசித்துக் கேட்டிருக்கிறார்கள். நீர் மின்னாற்பகுப்பில் எவ்வளவு வாயு வரும் என்பது கடந்துபோன மொத்த மின்னூட்டத்தைப் பொறுத்தது. ஆம்பியர் மலைக்க வைத்தாலும் நேரம் மிகக் குறைவு என்பதால், ஒரு மின்னல் கொண்டுவரும் மின்னூட்டம் சுமார் 20 கூலும்தான். ஒரு டார்ச் விளக்கு ஒரு நிமிடத்தில் செலவழிப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. அதைக்கொண்டு கிடைக்கும் ஹைட்ரஜன் இரண்டரை மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டியில் பாதி. தீப்பிடிக்க ஒன்றும் இல்லை.

வேதியியல் நடப்பது நீரில் அல்ல, காற்றில். மின்னல் பாதையின் வெப்பத்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகி, பின்னர் மழையோடு கீழே இறங்குகின்றன. உலக அளவில் இப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன் நைட்ரஜன் மாற்றம் அடைவதாக மதிப்பிடுகிறார்கள். அதில் ஒரு பங்கு கடலுக்கும் போய், மிதக்கும் நுண்பாசிகளுக்கு உரமாகிறது.